புகைக்கூடத்தில் ஒரு சுருட்டு

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு புகைக்கூடம் இருக்கிறது, கண்ணுகளா. வெள்ளைக்காரன் செங்கல்லால் கட்டியது. ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்து, தகடாக அழுத்தி, உள்ளே தொங்கவிட்டுப் புகைபோட்டுத்தான் அந்தக் காலத்தில் ரப்பரைக் கப்பலேற்றினார்கள். நம் சனங்களின் நுரையீரலும் கூடவே பதமானது. அதை யாரும் கப்பலேற்றவில்லை.

ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்ததும், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு, இந்தக் கட்டடத்தை மட்டும் பாரம்பரியச் சின்னம் என்று பத்திரப்படுத்தினார்கள். உள்ளே கண்காட்சி, கூடவே காப்பிக்கடை. செங்கல் பாருங்கள், சம்பளம் கூட்டிக் கேட்காது. அதனால் ஆயுசு கெட்டி.

வாசல் மரத்தடியில் முனியாண்டி சூலமாக நின்றார். நெருப்புக்குக் காவலாகத் தொழிலாளர்கள் நட்டது. வெள்ளிதோறும் அவருக்குச் சுருட்டுப் பற்றவைப்பவள் காளியம்மா. அந்தக் கூடத்தில் தகடு தொங்கவிட்டவள். வீடு போனபின் டவுனில் அடுக்குமாடிக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த மரத்தடிதான்.

கார் நிறுத்த அங்கே சிமெண்டு போடச் சொன்னார் முதலாளி. மேனேஜர் வசந்தன் நம் பையன். சாமியை எறியப் பயம், முதலாளியை மறுக்க அதைவிடப் பயம். சூலத்தைப் பிடுங்கிக் காப்பி மேசையோரம் நிறுத்தி, ‘தொழிலாளர் கருவி’ என்று அட்டை மாட்டினான்.

வெள்ளிக்கிழமை வந்த காளியம்மா சாமியைத் திருப்பிக் கேட்டாள்.

“உள்ள ஏர்கோன்ல இருக்காருக்கா. நல்லா பாத்துக்கிறோம் லா,” என்றான் வசந்தன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வழக்கம்போலச் சுருட்டைப் பற்றவைத்துச் சூலத்தடியில் வைத்தாள்.

காலமெல்லாம் புகை குடித்தே வளர்ந்த கட்டடம், ஒரு சுருட்டுக்கு ஊளையிட்டது. கூரையில் புதிதாக மாட்டிய அலாரம். மணியடித்துக்கொண்டு தீயணைக்கும் பொம்பா வண்டி வந்து நின்றது. காப்பி குடித்தவர்கள் கோப்பையோடு ஓடினார்கள். முதலாளி போனில் வசந்தனைக் காய்ச்சி எடுத்தார்.

“இங்க புகை போடக் கூடாதுக்கா.”

“புகைக்கூடத்துலயா?” காளியம்மா நிதானமாகக் கேட்டாள். “வர்ற வாரம் ஆடி வெள்ளி, தம்பி. சேவல் அறுக்கணும். இந்த மேசையில அறுத்துக்கலாமா?”

வசந்தன் திரும்பவும் போனை எடுத்தான். அந்த இரும்பை முதலில் வெளியே கொண்டுபோ, சிமெண்டு அதைச் சுற்றிப் போகட்டும் என்று உத்தரவு வந்தது.

அவனே குழிதோண்டிச் சூலத்தைப் பழைய இடத்தில் நட்டான். அட்டையைக் கழற்றப் போனவனின் கையைக் காளியம்மா தட்டிவிட்டாள்.

“இருக்கட்டும். அதுல பொய் ஒண்ணும் இல்லியே.”