சனிக்கிழமை ஒளி, செவ்வாய்க்கிழமை ஒலி

அவள் சுட்ட ஆறு வாணக்குண்டுகளும் திங்கட்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு வானத்தில் விரிந்தன. அவற்றின் சத்தம் வியாழக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட மூன்று நாளும் அவள் தேர்வில் தோற்றவளாகவே வீட்டில் இருந்தாள். துவைக்க வேண்டிய திரைச்சீலைகளைத் துவைத்தாள். துவைக்கத் தேவையில்லாதவற்றையும் துவைத்தாள்.

அதற்கு முன்பு பதினான்கு வருடம் அவள் தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். காலையில் காதுக்கருவியை மாட்டினால் சாயங்காலம் வரை ஊரார் அவள் காதுக்குள் கத்துவார்கள். ஒருநாள் யாரோ இணைப்பு அறுந்துபோனதற்காக அவளுடைய பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தபோது, மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் துறைமுகப் பக்கம் வாணங்கள் விரிவதைப் பார்த்தாள். பச்சை, பிறகு ஆரஞ்சு, பிறகு பெயர் தெரியாத ஒரு நீலம். மறுவாரமே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வாணவேடிக்கைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்து, "சரி, போ. ஆனா வீட்ல பயிற்சி எடுக்காத" என்று மட்டும் சொன்னார்.

பயிற்சி பத்து மாதம். வகுப்பில் இருபத்திரண்டு பேர், அவள் ஒருத்திதான் பெண், வயதிலும் அவள்தான் மூத்தவள். ஆசிரியர் முதல் நாள் உள்ளே வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் காட்டினார். இதைவிடப் பெரிய பட்டம் இந்தத் தொழிலில் இல்லை என்றார். முதல் மூன்று மாதம் அவர்கள் நெருப்பையே பார்க்கவில்லை. மணல் மூட்டை கட்டினார்கள், இரும்புக் குழல்களைச் சாயாமல் நட்டார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார்கள், பருத்தித் துணி தவிர வேறெதையும் உடுத்தக்கூடாது என்பதை நூறு தடவை எழுதினார்கள். பிறகு ஒயர் இழுப்பது, சுடும் பெட்டியில் எண் வரிசை மாறாமல் இணைப்பது, வெடிக்காத குண்டைக் கண்டால் கிட்டே போகாமல் காத்திருப்பது. மணல் மூட்டை கட்டுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியவில்லை. பொத்தானைத் தன் கையால் அழுத்துவது என்பது தேர்வு நாளில்தான் முதல் முறை. ஒரு நாளைக்கு ஒருவர், ஆளுக்கு ஆறு குண்டு.

திங்கட்கிழமை அவளுடைய முறை. ஆறும் ஏறின, ஆறும் குடை போல விரிந்தன, மைதானத்தில் ஒரு தும்மல் அளவு சத்தம்கூட இல்லை. தேர்வு அதிகாரி கையிலிருந்த படிவத்தில் 'ஒலி' என்ற கட்டத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், காதைக் குடைந்துகொண்டார். அவர் படிவத்தில் இல்லாத எதையும் வாழ்க்கையில் நம்பாதவர். 'வெடிக்கவில்லை' என்று எழுதினார். "வெடிச்சுதே சார், பாத்தீங்களே" என்றாள் அவள். "பாத்தேன்மா. கேக்கலையே" என்றார் அவர்.

வியாழக்கிழமை முறை வந்தவர் பன்னிரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். அவருக்குக் கிடைத்த குண்டுகள் ஈரம் குடித்திருந்தன. ஆறும் ஆள் உயரத்துக்கு எழும்பி, பீடிப் புகை அளவுக்குப் புகைந்து, நனைந்த பஞ்சு போல விழுந்தன. அதே நேரம் தலைக்கு மேலே ஆறு இடிகள் வரிசையாக இறங்கின. மைதானத்து ஓரத்தில் நின்ற சைக்கிள்கள் சரிந்தன. தேர்வு அதிகாரி பரம திருப்தியோடு ஒலிக்கு முழு மதிப்பெண் போட்டார். ஒளிக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'மேகமூட்டம்' என்று எழுதினார். வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

ஓட்டுநருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நேத்து கேட்ட சத்தம் என்னோடது இல்ல. ஆறு தடவை, அதே ஒண்ணு ரெண்டு மூணு இடைவெளி. திங்கக்கிழமை நீங்க பொத்தான அழுத்துனப்ப நான் பக்கத்துலதானே நின்னு எண்ணினேன்? என் பாஸை வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா தூங்குவேன்?"

அவள் ஈரத் திரைச்சீலையைப் பிழிந்தபடியே நின்றாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மறுபடியும் பிழிந்தாள். உள்ளேயிருந்து கணவர் எட்டிப்பார்த்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவர்களோடு கிளம்பினார்.

தேர்வு அதிகாரி மூவரையும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுநர் தன் சான்றிதழை மேசைமேல் வைத்து, தனக்கு இது வேண்டாம் என்றதும் அவரே உட்கார்ந்துவிட்டார். அவருடைய இருபது வருட அனுபவத்தில் யாரும் தேர்ச்சியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதற்குப் படிவமும் இல்லை. இருவருக்கும் மறுதேர்வு என்று முடிவு செய்தார். அவளுக்குச் சனிக்கிழமை. அதற்குமேல் தள்ளவும் முடியாது. நாற்பது வயது முடிந்தவர்களுக்குப் புதிதாக உரிமம் கிடையாது என்பது விதி, அவளுக்குத் திங்கட்கிழமை நாற்பது முடிகிறது.

சனிக்கிழமை ஆறு நாற்பதுக்கு அவள் சுட்டாள். ஒளி அப்பழுக்கில்லாமல் வந்தது, ஒலி வரவில்லை. முதல் தடவை யாரும் எடுத்துப் பார்க்காத இன்னொரு விதியும் உண்டு: சத்தம் கேட்காத குண்டு வெடிக்காத குண்டு, அது தீரும்வரை பொறுப்பானவர்கள் மைதானத்தை விட்டு நகரக்கூடாது. ஆக அவளும் தேர்வு அதிகாரியும் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்தார்கள். அவசியமில்லாமல் ஓட்டுநரும் உட்கார்ந்தார். கணவர் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடும், அதிகாரியின் வீட்டிலிருந்து அவருடைய மாத்திரைகளும் தலையணையும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அதிகாரி யாரோடும் பேசவில்லை. திங்கட்கிழமை அவளுக்குப் பிறந்தநாள் என்று தெரிந்து, ஓட்டுநர் வாங்கிவந்த பன்னில் பாதியை எடுத்துக்கொண்டார். தன் வீட்டுத் தொலைபேசி நாலு மாதமாக வேலை செய்யவில்லை என்று அவளிடம் புகாரும் சொன்னார். அவள் பழக்கதோஷத்தில் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பதுக்கு ஆறு வெடியும் கேட்டன. கணவர் கையில் வைத்திருந்த கடிகாரத்தை நிறுத்தி, மூன்று நாளும் ஒரு நொடியும் என்றார். அந்த ஒரு நொடி எல்லார் வெடிக்கும் உள்ளது, மூன்று நாள்தான் இவளுடையது என்று விளக்கினார். ஓட்டுநர் துண்டைச் சுழற்றினார். அதிகாரி மட்டும் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

"ஒரு சிக்கல் இருக்கும்மா. நேத்தோட உங்களுக்கு நாப்பது முடிஞ்சிடுச்சே."

பத்து மாத மணல் மூட்டையும் ஒரே நேரத்தில் அவள் தோளில் ஏறியது போல இருந்தது. அப்போது, வாய் திறக்காமலே குடும்பம் நடத்தியவர் என்று பெயரெடுத்த கணவர் முன்னால் வந்தார்.

"சார், வெடிச்சது சனிக்கிழமை. சேதி வந்ததுதான் செவ்வாக்கிழமை. தந்தி மூணு நாள் லேட்டா வந்துச்சுன்னா, செத்தவரு மூணு நாள் லேட்டாவா செத்தாரு?"

தன் சொந்தத்தில் அப்படி வந்த தந்தி ஒன்று அதிகாரிக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் அப்படி மாறியது. பிறகு படிவத்தில் 'ஒளி: சனி. ஒலி: செவ்வாய். தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநரும் அடுத்த வாரம், காய்ந்த குண்டுகளோடு, ஒளியும் ஒலியும் ஒரே நாளில் வரும்படி தேறினார்.

அதன்பின் அவரவர் வழியில் போனார்கள். ஓட்டுநர் சினிமாவுக்குப் போய், வண்டிகளை வெடிக்கவைக்கும் பிரிவில் சேர்ந்தார். பேருந்தை வெடிக்கவைக்கும் நாளில் மட்டும் கூடுதல் உற்சாகமாக இருப்பாராம். அவள் இரண்டு வருடம் உதவியாளராகக் குழல் நட்டாள், நான்கு வருடம் களப் பொறுப்பாளராகச் சுடும் பெட்டி முன் நின்றாள், ஏழாம் வருடம் வேடிக்கை வடிவமைப்பாளர் என்ற பலகையைக் கணவரின் கடைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினாள். அமைதி வேண்டிய இடங்களெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டன: நூலகம், மருத்துவமனை, விலங்குக் காட்சிசாலை. காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை நிமிர்த்திக் கடைசிவரை பார்த்தன. நான்காம் நாள் மட்டும் எல்லாவற்றையும் உள்ளே அடைத்தார்கள். செய்தித்தாளில் மின்தடை அறிவிப்புகளுக்குக் கீழே, 'இன்று மாலை ஏழு மணிக்கு, பூங்கா மேலே, நாற்பது வெடிகள், பயப்பட வேண்டாம்' என்று இரண்டு வரி வரத் தொடங்கியது. ஊருக்கும் அது பழகிப்போனது. பார்க்க ஒரு நாள், கேட்க ஒரு நாள் என்று இரண்டு நாளாக வந்தார்கள். முதல் நாள் காது கேளாதவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், நான்காம் நாள் கண் தெரியாதவர்கள். கைதட்டல் நான்காம் நாள்தான் பலமாக இருக்கும்.

அந்த நாளில் அவளுக்கு வேலை எதுவும் கிடையாது. கணவரோடு கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேரம் நெருங்கும்போது வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொள்வாள். ஒரு தடவை அவர் அவள் கையை விலக்கிக் கேட்டார்.

"உன் வெடிதானே. இதுக்கா பயப்படுற?"

"யார் வெடியா இருந்தா என்ன," என்றாள் அவள், "சத்தமா இருக்குல்ல."