நிலைப்படி யாருடையது

டோல்னி ப்ரோட் ஊரின் நில அளவைக் கல்லூரியின் நிலைப்படியில் க்ரெமெனா என்ற பெண் ஒன்பது வருடம் நின்றாள். மூக்கு உள்ளே, முதுகு வெளியே. அந்தக் காலத்தில் முட்டை விலை மூன்று மடங்கு ஏறியது, டான்யூப் ஒரு தடவை கரை புரண்டது, கல்லூரிக்கும் தலைநகர்ப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான கூட்டுச் சேர்க்கை ஒப்பந்தம் இரண்டு தடவை பூங்கொத்து கொடுத்துப் புதுப்பிக்கப்பட்டது. அவள் மட்டும் அசையவில்லை. அசைய முடியவில்லை என்று சொல்வதுதான் சரி.

ஒப்பந்தம் எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரக்காரர்கள். மாணவரைத் தேர்ந்தெடுப்பது கல்லூரி, சேர்த்துக்கொண்டு பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். நிலைப்படிவரை வருபவர் கல்லூரியின் பொறுப்பு, நிலைப்படியைத் தாண்டியவர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிளம் பிராந்தி குடித்துவிட்டுப் போனார்கள். முதல் வருடமே, பல்கலைக்கழகம் ஒதுக்கிய இடங்களைவிடக் கல்லூரி ஓர் ஆளைக் கூடுதலாக எடுத்துவிட்டது. அந்தக் கூடுதல் ஆள்தான் க்ரெமெனா. அவளுடைய அம்மா ஸ்டோயங்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். பாடம் தொடங்கும் நாள் காலையில், போகிற காரியம் தண்ணீராய் ஓடட்டும் என்று, ஊர் வழக்கப்படி மகளின் காலுக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அனுப்பினாள். தண்ணீர் ஓடியது. மகளும் கல்லூரி நிலைப்படிவரை ஓடினாள். அதற்குமேல் கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

கல்லூரியின் சேர்க்கை அதிகாரி வுதோவ் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"நாங்க எடுத்தாச்சும்மா. எடுத்தவளை வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்ல. அதான் அவளால திரும்பிப் போக முடியல."

"அப்ப உள்ள விடுங்க."

"உள்ள அவங்க பொறுப்பாச்சே."

ஸ்டோயங்கா பேருந்து பிடித்துத் தலைநகர் போனாள். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவின் போனெவா அம்மாள் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அன்பாகத்தான் பேசினாள்.

"எங்க கணக்குல உங்க பொண்ணு இல்லையே. இல்லாதவளை எப்படிங்க உள்ள விடறது?"

"சரி, வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"இல்லாதவளை வேண்டாம்னு மட்டும் எப்படிங்க சொல்றது? இன்னும் முடிவாகல. அடுத்த வாரம் வாங்க."

"ஒரு கம்பெனி டிக்கெட் குடுக்குது, இன்னொரு கம்பெனி பஸ் ஓட்டுது. அதுக்காக ஆளை நடு ரோட்டுலயா எறக்கி விடறோம்?"

போனெவா அம்மாள் இதை ரொம்பவும் ரசித்தாள். மறு வருடம் கூட்டுக் குழுவின் ஆண்டறிக்கையில் அந்த வாக்கியம் முதல் பக்கத்திலேயே வந்தது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஸ்டோயங்கா செருப்புத் தேய நடந்தாள்.

குளிர்காலத்தில் க்ரெமெனாவின் முதுகில் பனி விழுந்தது, உள்ளேயிருந்த கணப்பின் சூட்டில் நெற்றி வியர்த்தது. அம்மா தினமும் சீஸ் வைத்துச் சுட்ட பனித்ஸா ரொட்டியைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். குளியலும் மற்றதும் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நடந்தன. அதற்கு மேல் ஊரில் யாரும் கேட்டதில்லை. மாணவர்கள் "மன்னிச்சுக்கோ க்ரெமெனா" என்று பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். அவளோடு வந்தவர்கள் படித்து முடித்து, அதே மாதிரி பக்கவாட்டில் வெளியேயும் போனார்கள். அவள் நின்றதால் கதவைச் சாத்த முடியவில்லை, வெப்பம் வெளியே போனது, கணப்புக் கட்டணம் எகிறியது. உடனே இரண்டு அலுவலகங்களும் கூட்டுக் குழு போட்டுக் கதவைப் பற்றி இரண்டு வருடம் பேசின. பெண்ணைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டார்கள்.

"கால் வலிக்குதாடி?" என்று ஸ்டோயங்கா கேட்பாள்.

"அது மரத்துப்போச்சும்மா. க்ளாஸ் போர்டுதான் இங்கேருந்து பாதி தெரியுது. மீதிக் கணக்கை நானே போட்டுக்கறேன்."

நிலைப்படிப் பிரச்சினையைத் தீர்க்கவென்றே பிற்பாடு ஓர் இடம் கூடுதலாக உருவாக்கினார்கள். ஆனால் விண்ணப்பிப்பவர் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், அலுவலகம் உள்ளே இருந்தது. அதனால் அந்த இடம் வருடா வருடம் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் ஸ்டோயங்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மகளை ஒட்டி உரசிக்கொண்டு உள்ளே போய், "அந்த எடத்தை எனக்குக் குடுங்க" என்றாள். ஒரே வாரத்தில், ஒரு கேள்வியும் இல்லாமல், கல்லூரி எடுத்தது, பல்கலைக்கழகம் சேர்த்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

முதல் நாள் காலை அவள் படியேறி வந்தபோது, க்ரெமெனா கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அம்மாவின் காலுக்கு முன்னால் ஊற்றினாள்.

"என்னடி இது?"

"போறவங்களுக்கு இருக்கறவங்கதானே ஊத்தணும். போயிட்டு வாம்மா."

அன்று முழுவதும் ஸ்டோயங்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். முக்கோணத்தைப் பற்றிச் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. மாலையில் நிலைப்படியில் குந்தி, மகளிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். படிப்பு முழுவதும் இப்படித்தான் ஓடியது.

பட்டமும் நில அளவர் உரிமமும் கைக்கு வந்ததும், ஸ்டோயங்கா முதலில் அளந்தது அந்த நிலைப்படியைத்தான். கல்லூரியின் பொறுப்பு நிலைப்படிக் கல்லின் வெளி விளிம்போடு முடிந்தது, பல்கலைக்கழகத்தின் பொறுப்பு உள் விளிம்பில் ஆரம்பித்தது. அவர்களே எழுதிக்கொண்டதுதான். நடுவில் இருந்த கல் யாருக்கும் இல்லை. நிலப் பதிவு அலுவலகத்தில், அதை யார் அனுபவித்து வருகிறார்கள் என்று கேட்டார்கள். "எம் பொண்ணு. வந்து பாருங்க" என்றாள். வந்து பார்த்தார்கள். பார்த்த பிறகு சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கல்லை க்ரெமெனாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

சொந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் இறங்கவும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. க்ரெமெனா இறங்கி வீட்டுக்குப் போனாள், அடைத்த குடைமிளகாய் சாப்பிட்டாள், ஒன்பது வருடத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள். காலையில் ஒரு நாற்காலியோடு திரும்பி வந்து தன் கல்லின்மேல் போட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல் வேலைக்கு வந்த வுதோவுக்கு நிலைப்படிக்கு மேல் கால் எழவில்லை. தகவல் கேட்டுத் தலைநகரிலிருந்து ஓடிவந்த போனெவா அம்மாளுக்கும் எழவில்லை. இரண்டு அலுவலகமும் ஒன்றாக நிலைப்படிக்கு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் வழி விடும்மா. என் மேசை உள்ள இருக்கு" என்றார் வுதோவ்.

"இன்னும் முடிவாகல. அடுத்த வாரம் வாங்க" என்றாள் க்ரெமெனா.

அவர்கள் இன்றும் வாரா வாரம் வருகிறார்கள். மாணவர்கள் எப்போதும்போல் பக்கவாட்டில் நுழைந்து போகிறார்கள், அவர்களிடம் அவள் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்டோயங்கா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், காத்து நிற்கும் இரண்டு பேரின் காலுக்கு முன்னாலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறாள்.