ஆன்றோ கட்டிய முடிச்சு

தறிக்குழிக்குள் இறங்கப் போன மங்கம்மா, கையில் பிடித்த டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மறுகோடியில், சுவர் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பளி நெய்திருந்தது. நெய்பவள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்துதான் துணி வளரும். இத்தனை வருடத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வளர்ந்த துணியை அவள் பார்த்ததும் இல்லை, யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. அந்தக் கோடியில் பாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை சுருண்டு படுக்கலாம். ஆள் உட்கார்ந்து நெய்ய இடம் கிடையாது.

"யோவ், நேத்து தறியாண்ட வந்தியா நீ?"

வாசலில் ஆட்டு மயிரை வில்லால் அடித்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன் திருமலை. வில் நாண் அதிர்ந்து நின்றது.

"நான் எங்கம்மே வந்தேன்? இட்ப்பு வலில பொரண்டு படுக்கவே முடில. இன்னா இப்போ?"

"வந்து பாரு."

வந்து பார்த்தார். குனிந்து தொட்டார். தொட்ட விரலை மோந்து பார்த்துவிட்டு லுங்கியில் துடைத்துக்கொண்டார். எதற்கும் எலி மேல் பழியைப் போடுகிற மனிதர் அவர். ஆனால் எலி கடிக்குமே தவிர நெய்யாது என்பது அவருக்கும் தெரியும். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரைக்கும் வில் சத்தம் கேட்கவில்லை.

சென்னையில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் காசிமேட்டு ஐஸ் அறைக்குள் ஒரு தடவை போய் வர வேண்டும். லாஞ்ச் என்கிற விசைப்படகில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கும், ஐஸ் அறையில் இறங்கி மீன் அடுக்குகிறவர்களுக்கும் தெரியும், நனைந்த பிறகும் சூடு கொடுக்கிறது ஆட்டு மயிர் ஒன்றுதான் என்று. அவர்களை நம்பித்தான் திருவொற்றியூரில், ரயில் சத்தமும் கடல் சத்தமும் மாறி மாறிக் கேட்கிற ஒரு சந்தில், மங்கம்மாவும் திருமலையும் தறி போட்டிருந்தார்கள். யாரிடமும் கூலிக்கு நெய்கிறவர்கள் இல்லை. மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் கிடை போடும் ஆட்டுக்காரர்களிடம் மயிர் வாங்கி வந்து, அவர் அடித்து நூற்பார், அவள் புளியங்கொட்டைப் பசை தடவி நெய்வாள். மார்கழியில் வாக்கிங் போகிறவர்களுக்குக் கழுத்துத் துண்டும் போடுவார்கள். அதை மஃப்ளர் என்று சொன்னால்தான் வாங்குகிறார்கள், துண்டு என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கம்பளி சொன்னவன் நேரில் வந்து தன் கையால் பாவை இழுத்துக் கொடுக்க வேண்டும். கடலில் இருப்பவனுக்குப் பாவு போடக் கூடாது. நெய்து முடிந்தால் அவனோ அவன் வீட்டு ஆளோ வந்துதான் பாவை அறுக்க வேண்டும். அறுத்த கம்பளியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இரண்டு பேராக மடிக்க வேண்டும். ஒற்றை ஆளாக மடித்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் மங்கம்மாவுக்குப் பதில் தெரியாது. "கூடாதுன்னா கூடாது, அவ்ளோதான்" என்று எரிந்து விழுவாள்.

இப்போது தறியில் இருப்பது ஆன்றோவுக்குச் சொன்ன கம்பளி. ராயபுரத்துக்காரன், லாஞ்சில் ஐஸ் அறை வேலை. பெண்டாட்டி ஹில்டாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "எக்கா, சீக்கிரமா நெய்ஞ்சு குடுக்கா. ஐஸ் ரூம்ல எறங்குனா எலும்பு வரிக்கும் குளுருது" என்றான். "எலும்ப வுட்டா உன் ஒடம்புல வேற இன்னா கீது?" என்று ஹில்டா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆள் ஒல்லிதான். ஆனால் பாவை இழுத்துப் பிடித்தபோது முளைக்கட்டையே அசைந்தது. மங்கம்மா கையை நீட்டுவதற்குள், பாவுக் கயிற்றை அவனே சுவரோரத்து முளையில் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டான். வலை கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. அவன் இடக்கைக்காரன் என்பதால் அது எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

தறித் தலையான அந்த முளையில் வேறு ஆள் போட்ட முடிச்சை விட்டுவைக்கக் கூடாது. அன்று சாயங்காலமே அவிழ்த்துத் தன் கையால் கட்டியிருக்க வேண்டும். மங்கம்மா விரலால் அமுக்கிப் பார்த்தாள். பாவு மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. இவ்வளவு நல்ல வேலையைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாதிக்குமேல் நெய்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் லாஞ்ச் கரைக்கு வந்தது, ஆன்றோ வரவில்லை. விடியற்காலையில் டீ கொடுக்க எழுப்பப் போனவன், அவன் படுத்திருந்த இடத்தில் கோணிப்பை மட்டும் இருந்ததாகச் சொன்னான். படகுகள் போய்த் தேடின. எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் ஆட்கள் நடந்து பார்த்தார்கள். எதுவும் ஒதுங்கவில்லை. நாள் போகப் போக, வெறும் சவப்பெட்டியை வைத்தாவது பூசை வைத்து அடக்கம் செய்துவிடலாம் என்று ஆன்றோவின் வீட்டில் பேச்சு எழுந்தது. அவன் அண்ணன் மங்கம்மாவையும் திருமலையையும் தேடி வந்தார். அந்தக் கம்பளியை அறுத்துக் கொடுத்தால் உடம்புக்குப் பதிலாகப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றார். பின்னாலேயே வந்த ஹில்டா, வாசல்படியில் நின்றபடியே, "அவரு சொன்ன கம்பளி. அவரு வந்து அறுப்பாரு. வேற யார்னா கத்தி வெச்சீங்க, நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு அண்ணனும் போனார். மங்கம்மாவுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. நெய்தது நெய்தபடி கிடந்தது.

அப்படிக் கிடந்த பாவில்தான், மறுகோடியில் அந்த இரண்டு விரல்.

அடுத்த நாள் மூன்று விரல் ஆனது. அதற்கடுத்த நாள் கை அகலம். மங்கம்மா தறிக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். அப்போதும் வளர்ந்தது. நூல் அவர்களுடையதுதான், கூடையில் இருந்த உருண்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் எப்போது தொட்டாலும் அந்தத் துண்டு ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. நூல் தீர்ந்த இடங்களில் கம்பளிக்காரர்கள் முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் மயிரோடு மயிர் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டில் ஒவ்வொரு இணைப்பிலும் சின்னச் சின்ன முடிச்சு இருந்தது. மங்கம்மா சுவரோரமாகக் குனிந்து, முளையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். கம்பளியில் இருந்ததைப் பார்த்தாள். இரண்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தன. 

"அறுத்துக் கடாசுமே" என்றார் திருமலை. குரல் தாழ்ந்திருந்தது.

"யாரு அறுக்கறது? நீ அறுக்கறியா?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப அந்த முடிச்சயாவது அவுரேன்" என்றார்.

"நீதான் அவுரேன்" என்றாள் அவள். இரண்டு பேருமே அசையவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள்.

ஆன்றோவின் அண்ணன் வந்து எதையாவது அறுத்துக்கொண்டு போயிருப்பாரோ என்று பார்க்க, ஒரு மத்தியானம் ஹில்டா வந்தாள். பாதிக் கம்பளி இருந்தபடியே இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. பிறகு சாக்கைப் பார்த்தாள். "இன்னாக்கா அது?" மங்கம்மா வாயைத் திறப்பதற்குள் இழுத்துவிட்டாள்.

வெகுநேரம் அந்தத் துண்டின் மேல் குனிந்தபடி இருந்தாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். நிமிர்ந்தபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் மங்கம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"இது அவரு முடிச்சு. இப்டி போட அவர வுட்டா ஆளே கெடையாது. வந்துகினு கீறாருக்கா."

"ஹில்டா, நான் சொல்றத கேளு..."

"தோ, எம்மாந் தூரம் வந்துகீறாரு பாரு."

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். வேலைக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. முளைக்குப் பக்கத்தில், அந்தப் பூனை படுக்கும் இடத்தில், சுவரோடு ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு முடிச்சின் மேல் கையை வைத்திருப்பாள். மங்கம்மா போட்டுக் கொடுத்த சோறு காய்ந்து கிடக்கும். வீட்டில் அவளைத் தேடி ஆள் அனுப்பினால், "அவரு வர நேரத்துல நான் அங்க இருந்தா எப்டி?" என்பாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு இழைகூட நகராது. ஆனால் மறுநாள் வந்து பார்த்தால் நடுவிலிருந்த வெறும் பாவு குறைந்திருக்கும். முழம் போய்ச் சாண் ஆனது. அந்தக் கம்பளி முடிவதற்குள் இந்தப் பெண் முடிந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று மங்கம்மாவுக்கு அழுகை வந்தது. ஒரு சாதாரண முடிச்சை விட்டுவைத்ததற்கு இவ்வளவா?

சாண் அகலத்தில் அது நின்றுவிட்டது.

எந்தத் தறியிலும் கடைசிச் சாணை நெய்ய முடியாது. உள்ளே கை போகாது, நூல் போகாது. அந்த இடத்தில்தான் அறுப்பார்கள், அதுதான் கம்பளிக்குக் குஞ்சமாகத் தொங்கும். இதை மங்கம்மா சொல்லவில்லை. ஹில்டா மறுநாளும் காத்திருந்தாள், அதற்கடுத்த நாளும் காத்திருந்தாள். "இன்னும் ஒரு சாணுதான்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரலில் பழைய தெம்பு இல்லை.

வெயில் கூரை ஓட்டைப் பிளந்த ஒரு பகலில், வாசலில் திருமலை வில் அடித்துக்கொண்டிருந்தார். மயிர் மேகம் மாதிரிப் பறந்தது. ஹில்டா எழுந்து வந்து, நடுவிலிருந்த வெறும் இழைகளுக்கு ஊடே கையை விட்டு, அந்தப் பக்கத்துத் துண்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். அப்படியே நின்றாள். பிறகு கன்னத்தை அதன் மேல் வைத்தாள். அவள் பல் கடகடவென்று அடித்துக்கொள்வது மங்கம்மாவுக்குக் கேட்டது.

"எக்கா, இங்க கைய வை."

மங்கம்மா வைத்தாள். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல் சுள்ளென்று எலும்பு வரைக்கும் ஏறியது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"இம்மாம் நாளும் வந்துகினு கீறாருன்னு நெனச்சேனே" என்றாள் ஹில்டா. "அவரு வரலக்கா. அவருக்குக் குளுருது. கம்பளி கேக்குறாரு."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். ஆன்றோ காணாமல் போன நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. வாசலில் வில் சத்தம் நின்றது. திருமலை உள்ளே வரவில்லை. கதவோரமாக அவர் நிழல் மட்டும் தெரிந்தது.

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கத்தி குடு" என்றாள் ஹில்டா.

பாவு அறுக்கிற கத்தியை மங்கம்மா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வழக்கப்படி குழிக்குள் இறங்கி, தன் பக்கத்துக் கம்பளியைப் பிடித்துக்கொண்டாள். ஹில்டா வலது ஓரத்திலிருந்து அறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கொத்து இழையும் டொப்பென்று விட்டது. "போத்திக்கோ" என்று மெதுவாகச் சொன்னாள், ஒவ்வொரு கொத்துக்கும். "போத்திகினு தூங்கு."

கடைசிக் கொத்து அறுந்தது. மங்கம்மா நெய்த பக்கம் தொய்ந்து அவள் மடியில் வந்து விழுந்தது. காய்ந்து, கதகதப்பாக, நல்ல கம்பளியாக இருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

மறுபக்கம் விழவில்லை. ஹில்டாவின் ஒரு கையில் கத்தி இருந்தது, மறு கை வெறுமனே தொங்கியது. முளையிலிருந்த முடிச்சு அவிழ்ந்து, கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. எதிலும் கட்டாத அந்த ஈரக் கம்பளி மட்டும் சுவரோரத்திலிருந்து ஹில்டாவின் இடுப்பு உயரத்துக்கு, தொய்வே இல்லாமல் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் போர்வை மடிக்கும்போது, ஒருத்தர் தன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவருக்காகக் காத்திருப்பாரே, அந்த மாதிரி.

"ஹில்டா, வாணாம்" என்றாள் மங்கம்மா. 

ஹில்டா கத்தியைத் தரையில் வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தன் பக்கத்து முனைகள் இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தாள். சுவரோரத்து முனைகள் இரண்டும், அதே நிதானத்தில், ஒன்றோடொன்று சேர்ந்தன.