உள்ளே போக வழியில்லாத பெட்டி

ரஹ்மத் நிஷாவுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற சர்வரைக்கூடத் திறந்து பார்த்து, எதையாவது மாற்றி வைத்துவிட்டுத்தான் மூடுவாள். அருப்புக்கோட்டையில் கேபிள் டிவி நடத்தி, பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த இன்பராஜின் கம்பெனியில் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. அவள் திறந்துவிட்டு மூட மறந்த ஒரு வழியில்தான் போன வருஷம் வெளியாட்கள் புகுந்தார்கள். கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரை வைத்து யார் மேலேயோ தாக்குதல் நடத்தினார்கள்.

டிஎன்எஸ் செய்வது ஒரே வேலைதான். வெப்சைட் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்கும். ஆனால் அது நின்றால் வாடிக்கையாளர் வீட்டில் ஒன்றுமே திறக்காது.

அதனால் இந்தத் தடவை வேறு மாதிரி கட்டினாள். திருச்சுழியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுமதியின் கடை மாடியில் ஒரு சின்ன மெஷின். அதில் ஒரு கன்டெய்னர், அதாவது மற்றவற்றோடு ஒட்டாமல் ஒரு புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. அதற்குள் பெயர் தேடும் புரோகிராம் மட்டும். அந்தக் கன்டெய்னருக்குள் நுழைந்து கட்டளை தட்டவோ, எதையும் எழுதி மாற்றவோ வழி கிடையாது. டிஜிட்டல் கையொப்பம் செல்லாத பதிலை அது ஏற்காது. மெஷினுக்குள் தூரத்திலிருந்து நுழைய பாஸ்வேர்டோடு, போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணும் வேண்டும். பழைய சர்வரை அடியோடு அழித்துவிட்டாள். அது இருந்தால் கை அங்கே போகும்.

கட்டி முடித்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு பிசையும்போதுகூட இன்னொரு கையில் போன்.

மதுரையிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வரவேண்டிய காலையில் சுமதி கூப்பிட்டாள்.

"யக்கா, எந்த சைட்டும் தொறக்க மாட்டேங்குது. பயிர் இன்சூரன்ஸ் பதிய ஆளுக வாசல்ல நிக்கிறாக. என்னையப் புடிச்சு ஏசுறாக."

நிஷா மெஷினுக்குள் நுழையப் பார்த்தாள். பாஸ்வேர்டைப் போட்டு, போனில் இருந்த எண்ணைத் தட்டினாள். தவறு என்றது. இன்னொரு தடவை தட்டினாள். அதற்கும் தவறு.

இன்பராஜ் பின்னால் வந்து நின்றார். அவர் கையில் இரண்டு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன.

"பழச மாட்டி விடு ஆத்தா."

"அத அழிச்சுட்டேண்ணே."

அவர் இரண்டு போன்களையும் மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப வெளிக் கம்பெனிக்காரன் டிஎன்எஸ் நம்பர ரூட்டர்ல போட்டு விடுவோமா? சனம் பொழைக்கட்டும்."

"அதுல நாம தடுத்து வச்ச சைட்டு லிஸ்டு இருக்காது, யாரு எதத் தேடுனாங்கங்குற பதிவும் இருக்காது. ஆடிட்டர் வாற அன்னைக்கா? நான் நேர்ல போயிப் பாக்குறேன்."

ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம். அதற்கு அப்பால் மழைக்குக் காத்துக் கிடந்த கரிசல். அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. தான் பூட்டிய பூட்டுக்குத் தானே வெளியே நிற்கிறோம் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. பாதி வழியில் மறுபடி சுமதி.

"விடியக்காலம் கரண்டு போயிட்டு வந்துச்சுக்கா. அதனால இருக்குமா?"

நிஷா வண்டியை ஓரம் கட்டினாள். சர்வர் பெயர்களை மறுக்கிறது. மெஷின் சரியான எண்ணை மறுக்கிறது. இரண்டும் எதைப் பார்த்து மறுக்கும்? கையொப்பத்துக்குத் தேதி உண்டு. போனில் மாறும் எண்ணுக்கு நேரம் உண்டு. மெஷினின் கடிகாரம்தான் கெட்டிருக்கிறது.

காரணம் தெரிந்ததும் அதுவரை நினைக்காதவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கடை வாசலில் வெயிலில் நிற்கிறவர்கள். இன்பராஜுக்குப் போன் போட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரி வெளி நம்பரப் போட்டுருங்கண்ணே. ஆடிட்டர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

மாடியில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கீபோர்டை மாட்டினாள். நேரில் வந்தவரிடம் அது பாஸ்வேர்டு மட்டும்தான் கேட்டது. திரையில் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி முதல் தேதி. கரண்டு போனாலும் கடிகாரத்தை ஓட வைக்க உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்திருந்தது. அந்தத் தேதியில் நின்றுகொண்டு பார்த்தால், இன்றைய கையொப்பம் எல்லாம் இனிமேல்தான் போடப்பட வேண்டியவை. அதனால் ஒன்றையும் நம்பவில்லை. நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேறொரு சர்வரைக் கேட்கவேண்டும். அந்த சர்வரின் பெயரை நிஷா தன் டிஎன்எஸ்ஸையே கேட்கும்படி எழுதியிருந்தாள். ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் முடங்கிக் கிடந்தன.

கன்டெய்னரில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. நேரத்தைக் கையால் திருத்தி, நேரம் சொல்லும் சர்வரின் பெயர் இருந்த இடத்தில் அதன் எண்ணையே எழுதினாள். சுமதியிடம் வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிவரச் சொல்லி மாற்றினாள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் தேடப்பட்டு வருவது பதிவில் ஓட ஆரம்பித்தது. இன்பராஜிடம் சொல்லி ரூட்டரைப் பழையபடி திருப்பச் செய்தாள்.

தணிக்கையாளரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே அருப்புக்கோட்டை திரும்பினாள். அவர் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நடந்தத எல்லாம் அண்ணாச்சி சொல்லிட்டாரும்மா" என்றார்.

நிஷா இன்பராஜைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தணிக்கையாளர் கன்டெய்னரை வரிவரியாகச் சோதித்தார். குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியில், "ஒரே மெஷின நம்பியிருக்கீங்க. ரெண்டாவது ஓடட்டும், அப்புறம் சர்டிபிகேட் தாரேன்" என்று எழுந்துவிட்டார்.

மறு மாதம் எம்.ரெட்டியபட்டியில் இரண்டாவது மெஷின் ஓட ஆரம்பித்தது, சான்றிதழும் வந்தது. வந்த அன்றே நிஷா திருச்சுழி மாடிக்குப் போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நின்றாள். கீழே ஆட்கள் பதிந்துகொண்டுதான் இருந்தார்கள். போன் அடிக்கவில்லை. மறுபடி மாட்டினாள். நேரம் சரியாக இருந்தது. கீழே இறங்கிவந்தவள் சுமதியின் திரையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாந்தான் ஓடுதே, பெறகென்னக்கா?" என்றாள் சுமதி. "செத்த தள்ளி நில்லுங்க, அவுகளுக்கு ஜெராக்ஸ் எடுக்கணும்."