தாழ்ப்பாள் துளை

வேல்விழி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரமாகிவிட்டது. ஜன்னல் சட்டத்தில் தாழ்ப்பாள் விழுகிற துளையை மண் அடைத்திருந்தது. அதன்மேல் கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பையை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தாள். உள்ளே ஏதோ சுரண்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

மாசி மாதம் அந்தத் துளையில் மண் சேர்ந்ததை முதலில் பார்த்தது மாமியார் சந்தனம்மாள்தான். "ஏத்தா, குளவி கூடு கட்டுது பாரு. வீட்டுல பிள்ளச் சத்தம் கேக்கும்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?" என்று அன்று மாலைக்குள் தெருவுக்கே சொல்லி முடித்துவிட்டார். அதோடு தாழ்ப்பாள் போடவும் தடை. கணவன் மதன்குமார் குமுளிப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன், இதையெல்லாம் கேலி செய்கிறவன். அவனே சணல் கொண்டுவந்து ஜன்னல் கதவைக் கட்டினான். "காத்துக்கு அடிக்குதுன்னுதேன்" என்றான், யாரும் கேட்காமலே.

அது குளவி இல்லை. பொந்துக்குள் மண் வைத்து முட்டையிடுகிற தேனீ. ஆறு வருடமாகத் தேனீக்களை வகை பிரிப்பதுதான் வேல்விழியின் வேலை. கல்யாணப் பந்தியில் லட்டின்மேல் உட்கார்ந்த ஈயைத் தேனீ என்று சொன்னவரைக்கூட அவள் சும்மா விட்டதில்லை. மாமியாரைத் திருத்த மட்டும் வாய் வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருடம். நடுவில் ஒன்று மூன்றாம் மாதமே போய்விட்டது. படித்தவள் என்பதால் நம்பவும் முடியவில்லை. ஆசைப்பட்டவள் என்பதால் மறுக்கவும் முடியவில்லை.

இன்னொன்றையும் அவள் சொல்லாமல் வைத்திருந்தாள். கூடு மூடப்படுவதற்கு முந்தின மதியம், தாய்த்தேனீ வெளியே போயிருந்த நேரம் பார்த்து, வால் கூர்மையான கறுப்புத் தேனீ ஒன்று உள்ளே போய் வந்தது. சொந்தமாகக் கூடு கட்டாத இனம். அடுத்தவள் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். அதன் புழு வீட்டுக்காரியின் குஞ்சைக் கொன்று, அதற்குச் சேர்த்து வைத்த மகரந்தத்தைத் தின்று வளரும். வேல்விழியின் ஆய்வேடே இந்தத் தேனீக்களைப் பற்றித்தான். ஒன்றுபோலவே இருக்கும் இரண்டை வேறு வேறு இனம் என்று எழுதியிருந்தாள். எது யார் கூட்டிலிருந்து வருகிறது என்று பிடித்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வேன் என்று கைடு சொல்லிவிட்டார். ஐந்து வாரமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் இன்று காலை சுரண்டல் கேட்டதும், அந்தக் கறுப்புத் தேனீயின் குஞ்சாக இருக்கக்கூடாது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

மண் உதிர்ந்து ஒரு தலை தெரிந்தது. கண்ணில் பொடிமுடி இருந்தால் அது வந்தேறி. மகரந்தம் சுமக்க அடிவயிற்றில் அடர்ந்த முடி இருந்தால் வீட்டுக்காரியின் மகள். லென்ஸ் மடியில் இருந்தது.

சந்தனம்மாள் ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்தார். "வந்துருச்சாத்தா?"

"வருது அத்த."

"நல்லா இருக்கா?"

பிரசவ அறை வாசலில் கேட்கிற குரல். கண்ணையும் வயிற்றையும் பார்க்காமல் வேல்விழி இதுவரை எந்தத் தேனீக்கும் பெயர் சொன்னதில்லை.

"நல்லா இருக்கு அத்த. இந்தக் கூட்டுப் பிள்ளதேன்."

சொல்லிவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே டேப்பை உரித்தாள். காதோரம் ஒரு ரீங்காரம் கடந்து திராட்சைப் பந்தல் பக்கம் போனது. பிடிக்கிற தேனீயோடு சேர்த்துக் குத்திவைக்க, ஊர், தேதி எல்லாம் எழுதி, இனத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்த துண்டுச்சீட்டு மேஜையில் கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

சந்தனம்மாள் ஜன்னல் சட்டத்தில் காதை வைத்தார்.

"இன்னொண்ணு இருக்குத்தா. இங்கன வந்து கேளு."

பிய்த்தெடுத்த வலைப் பை வேல்விழியின் விரல்களில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. துளைக்குள், ஆழத்தில், மண்ணைச் சுரண்டுகிற சத்தம்.