விரிசலின் நுனி

எதேரி தன் கணவன் முர்மானின் நெஞ்சில் போட்ட துளை நல்ல வட்டமாக வந்தது. இடப்பக்கம், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் நுழைந்து முதுகு வழியாக வெளியேறியது. ஒரு வால்நட் கொட்டையை இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் விழும். ரத்தம் ஒரு கோப்பை அளவுகூட வரவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவள் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். எங்கள் தலைநகர் த்பிலிசியில் அந்தக் குளிர்காலத்தில் சொன்னபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

முர்மான் டிராம் ஓட்டுநர். அவன் தம்பி ஜும்பர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன். சொலொலாக்கி மேட்டில் ஒரே முற்றத்து வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தார்கள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து தெருவுக்குத் தெரு சுட்டுக்கொண்டபோது அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவின் நினைவுநாள் விருந்தில் மட்டும் துப்பாக்கிகளை வாசலில் வைத்துவிட்டு உட்காருவது என்று பேச்சு. ஜும்பர் கைத்துப்பாக்கியை இடுப்பிலேயே வைத்திருந்தான். மூத்தவன் என்பதால் முர்மான் எழுந்து, செத்தவர்களுக்காக மதுக் கோப்பையை உயர்த்தினான். அந்தக் கோப்பையை எங்கள் நாட்டில் எதிரிகூட மறுக்க மாட்டான்.

"எந்தச் செத்தவங்களுக்கு?" என்றான் ஜும்பர்.

"எல்லாருக்கும்தான்டா. செத்தவனுக்கு ஏது கட்சி?"

"நேத்து பாலத்துல உங்க ஆளுங்க சுட்டாங்களே, அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தானே? அவன் பேரச் சொல்லிக் குடி அண்ணே, பார்க்கலாம்."

முர்மான் பேரைச் சொல்லவில்லை. ஜும்பர் தன் கோப்பையை மேசைத்துணி மேல் கவிழ்த்தான். முர்மான் மண்குடுவையை வீசியதில் தம்பியின் முன்பற்கள் போயின. தம்பி சுட்டான். குண்டு அண்ணன் காதைத் தாண்டிப்போய் ஜன்னலின் மேல் மூலையில் பட்டது. அந்த ஜன்னல், சகோதரர்கள் நன்றாக இருந்த காலத்தில் சேர்ந்து வெட்டியது. மூலைகளை வளைத்து வெட்டச் சொல்லி எதேரி அப்போதே கேட்டிருந்தாள். கணித நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. ஒரு பொருளின் விளிம்பில் விழுகிற அழுத்தம் உள்ளே என்ன செய்யும் என்று கண்டுபிடிப்பாள். கூரான மூலையில் அது கணக்கில்லாமல் குவியும் என்று சொன்னாள். "கண்ணாடி சதுரமாத்தானே அண்ணி விக்குது?" என்று ஜும்பர் கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

மூலையிலிருந்து மயிரிழை அளவு ஒரு விரிசல் கிளம்பியது. விடிவதற்குள் சுவரையும் முற்றத்தையும் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டது. கல், ரொட்டி, மனிதன் என்று அது வித்தியாசம் பார்க்கவில்லை. மாடிவீட்டு நதேலா அதன் பாதைக்குக் குறுக்கே படுத்திருந்தாள். இரண்டு பாதிகளும் மறுபடி ஒட்டாததால் இரண்டு பெட்டிகளில் அடக்கம் செய்தார்கள். பாதிரியார் இரண்டுக்கும் தனித்தனியாக ஜெபம் சொன்னார். விரிசல் ரொட்டிக் கடை வரிசைக்குள் புகுந்தபோது, அதற்கு இடப்பக்கம் நின்றவர்கள் வலப்பக்கம் நின்றவர்களைக் கையில் கிடைத்த செங்கல்லால் அடித்தார்கள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. சிமெண்ட் ஊற்றிப் பார்த்தார்கள், சிமெண்டும் பிளந்தது. இரு கட்சிக்காரர்களும் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் அது கொஞ்சம் வேகம் எடுத்தது.

கடைசியில் ஒரு தளபதி கணித நிலையத்துக்கு வந்தான். கணிதக்காரர்கள் மேசைகளை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். விரிசலின் நுனியில் வட்டமாக ஒரு துளை போட்டால் அது நின்றுவிடும் என்றாள் எதேரி. கூர் இருக்கும்வரைதான் அது கிழிக்கும். வட்டத்தில் கிழிக்கத் தொடங்க ஓர் இடம் கிடைக்காது.

"கிழியறத நிறுத்த இன்னொரு ஓட்டையா? இது எந்த ஊரு வைத்தியம்மா?"

"உன் துப்பாக்கிக் குழாயப் பாரு. அதுவும் ஓட்டைதான். உள்ளயே வெடிக்குது, கிழியுதா?"

தளபதி குழாயைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, கையால் சுற்றும் டிரில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான்.

கண்ணுக்குத் தெரிகிற நுனி உண்மையான நுனி அல்ல. இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவினால், உள்ளே இறங்கிய எண்ணெய் ஊறி வந்து கோட்டை முழுசாகக் காட்டும். ஆனால் அந்த மாதம் மண்ணெண்ணெய் அடுப்புக்கே இல்லை. எதேரி தன் வீட்டுப் புட்டியைத் திறக்க மனமில்லாமல், கண்ணை நம்பி, கந்தக வெந்நீர் ஊற்றுக் குளியல் வீட்டு வாசலில் துளை போட்டாள். உண்மையான நுனி அதற்கு ஒரு முழம் முன்னாலேயே போயிருந்தது. தொட்டிகள் பிளந்தன. குளித்துக்கொண்டிருந்தவர்களும் பிளந்தார்கள். வெந்நீரும் ரத்தமும் படியிறங்கித் தெருவில் ஆவி பறக்க ஓடின. எதேரி அதில் நனைந்த காலணிகளோடு வீட்டுக்குப் போய்ப் புட்டியை எடுத்துவந்தாள்.

மண்டியிட்டுத் தடவி, துடைத்து, பொடி தூவி, அவள் கோட்டின் பின்னால் போனாள். தலைக்கு மேல் குண்டுகள் போய்க்கொண்டிருந்தன. எங்கே இழுவிசை அதிகமோ அந்தப் பக்கம்தான் விரிசல் திரும்பும். இந்த விரிசல் மேட்டுப் பக்கம் திரும்பியது. அவளுக்குத் தெரிந்த தெருக்களாக வந்தன. அவள் வீட்டு முற்றம், அவள் படிக்கட்டு, அவள் சமையலறை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து முர்மான் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கோடு நாற்காலிக் காலில் ஏறியிருந்தது.

"அசையாதே" என்றாள். சட்டையைத் திறந்து, மண்ணெண்ணெய் தடவி, பொடி தூவினாள். இடுப்பிலிருந்து விலாவரை கறுப்பாக ஒரு கோடு எழுந்தது.

அதே நேரத்தில் ஜும்பர் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். குளியல் வீட்டில் செத்தவர்களில் அவன் மாமனாரும் ஒருவர். அத்தனைக்கும் அண்ணன்தான் காரணம் என்று முடிவு செய்திருந்தான்.

"தள்ளுங்க அண்ணி. இன்னிக்கு இவன முடிச்சிடறேன்."

"நீ எதுக்குக் குண்ட வீணாக்கற? உங்கண்ணன் தானாவே ரெண்டாப் போயிடுவான். அவனத் தாண்டினா இந்தச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில்ல யாருடா தூங்கறா?"

ஜும்பர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். துப்பாக்கியைத் தரையில் வைத்தான்.

"என்ன செய்யணும்?"

"தோள அழுத்திப் பிடி. அவன் குலுங்கினா நுனி நகர்ந்துடும்."

அவள் டிரிலைச் சுற்றினாள். முதலில் தோல், பிறகு தசை சுருள்சுருளாக வெளியே வந்தது. முர்மான் மடியிலிருந்த துப்பாக்கியின் மரப்பிடியைக் கடித்ததில் மரத்தில் பல் பதிந்தது.

"வலிக்குதா?" என்றான் ஜும்பர்.

"உன் வாய் நாத்தம்தான்டா தாங்க முடியல."

"நீ ஒடச்ச பல்லுதான் அழுகிக் கெடக்கு. வாய மூடு."

பாலத்தூணைச் சுற்றி ஆறு பிரிந்து மறுபடி சேர்வதுபோல ரத்தம் துளையைச் சுற்றிப் பிரிந்து ஓடி, அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. இதயம் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டது. துளையின் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு இருந்தாலும் அதிலிருந்து புது விரிசல் கிளம்பும் என்பதால், எதேரி உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தாள். அப்போதுதான் முர்மான் மயங்கினான். ஜும்பர் பிடியைத் தளர்த்தவில்லை. தேய்த்து முடித்ததும் அவள் மறுபடி பொடி தூவினாள். கோடு துளைவரை வந்து நின்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜும்பரின் குழந்தை விழித்து அழுதது. ஜும்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான்.

சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. பிளந்தவர்கள் ஒட்டவில்லை. தெருவில் விரிசல் அப்படியே இருக்கிறது. ஜனங்கள் ஓடையைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போகிறார்கள். சகோதரர்கள் அன்றைக்குப் பின் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்துப் பையனின் பேரை முர்மான் இன்றுவரை சொல்லவுமில்லை. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் எதேரி அவன் நெஞ்சில் மண்ணெண்ணெய் தடவிச் சோதிக்கிறாள். விருந்தன்றைக்கா இந்த நாற்றம் என்று அவன் முணுமுணுக்கிறான். மேட்டுக் காற்று ஜன்னல் வழியாக வந்து துளையில் நுழையும்போது விசில் சத்தம் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஜும்பர் அதைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவான். விசில் கேட்காத நாளில் முஷ்டியால் சுவரில் குத்துவான். முர்மான் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, காற்றுப் பக்கம் திரும்பி உட்காருவான்.