ஈரத் துண்டு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைக்கவில்லை. குளித்துவிட்டுத் துண்டை நாற்காலி முதுகில் விரித்தான். கட்டிலில் போடவில்லை.

கூடத்தில் மாமியார் ஆரம்பித்துவிட்டார். மனைவி செத்துப் பதினாறு நாள். இன்று வந்திருந்தது அவளுடைய ஆபீஸ் தோழி.

"கடைசி வரைக்கும் புருஷன் நெனப்புதாம்மா. 'அவரைப் பாத்துக்கோம்மா'ன்னு என் கையைப் புடிச்சிட்டுச் சொன்னா."

அவன் கூடத்து வாசலில் வந்து நின்றான். தொண்டைக்குள் குழாய் சொருகியிருந்தவள் எதைச் சொல்ல?

அன்று குளியலறையில் விழுந்தாள். நின்ற இதயத்தை ஆம்புலன்ஸ்காரர்கள் ஓட வைத்தார்கள்.

"மூளை தப்பிச்சுதான்னு இப்போ தெரியாது. அதைக் காப்பாத்த, உடம்பை முப்பத்து மூணு டிகிரிக்குக் குளிர வைக்கப் போறோம். சூடு ஏறவே கூடாது" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டான்.

குளிர்ந்த நீர் ஓடும் பட்டைகளை மார்பிலும் தொடையிலும் ஒட்டினார்கள். அவள் கையைத் தொட்டான். ஃபிரிட்ஜில் வைத்த கறி. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இழுத்த கையின் மேல்தான் அருவருப்பு வந்தது.

மாலையில் இயந்திரம் கத்தியது. முப்பத்தைந்து. நர்ஸ் போர்வையைத் தூக்கினாள். கால்மாட்டில் கம்பளிச் சால்வை, அதற்குள் வெந்நீர்ப் பை.

"ஏம்மா, இங்க என்ன அடுப்பா மூட்டறீங்க?"

"எம் பொண்ணு பொணம் மாதிரி சில்லுன்னு கெடக்கா. பெத்தவ பாத்துட்டு இருப்பேனா?"

அந்தப் பையில் வெந்நீர் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். "முழங்கால் வலிக்குது மாப்பிள்ளை" என்று மாமியார் கேட்டார். நம்பினான். நம்பியதாக வைத்துக்கொண்டான்.

அதனால் ஒன்றும் கெட்டிருக்காது என்றார் டாக்டர். மறுநாள் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

"நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, அப்படித்தானே சொன்னா?"

தோழி முன்னால் மாமியார் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். தலையாட்டினால் போதும். வெந்நீர்ப் பைக்கும் இப்படித்தான் தலையாட்டினான்.

"இல்ல அத்தை. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. குளிக்கப் போறப்போ என்கிட்டதான் சொன்னா."

"என்னன்னு?"

"'எரும, ஈரத் துண்டை மறுபடியும் என் பக்கமே போட்டுட்டியா? படுத்தா முதுகெல்லாம் சில்லுங்குது. எடு.'"